வலக்கரைப் பாட்டு

ஒடிலா ஒரு புதுப் பறவையைக் கண்டுபிடித்துவிட்டாள் என்ற செய்தி, பெலேம் நகரத்து ஆய்வுக்கூடத்தில் காபி போடுகிறவர் வரைக்கும் தெரிந்த பிறகுதான் ஜுல்மிராவின் காதுக்கு வந்தது. செய்தி ஒரு பங்கு வலித்தது என்றால், கடைசியாக வந்தது மூன்று பங்கு வலித்தது.

இத்தனைக்கும் இருவரும் ஒரே அறையில் முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர்கள். ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள். இளவயதில் ஆற்றுப் படகுகளில் அடுத்தடுத்துத் தூளிப்படுக்கை கட்டித் தூங்கியவர்கள். ஜுல்மிராவின் மகள் மாயிராவுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது குழந்தையைக் கையில் ஏந்திய ஞானத்தாய் ஒடிலாதான். அந்த உறவில் இருவரும் ஒருவரை ஒருவர் ‘கொமாத்ரே’ என்று கூப்பிட்டுக்கொள்வது வழக்கம். ஒடிலா தினமும் கூப்பிடுவாள். ஜுல்மிரா மனம் நன்றாக இருக்கும் நாட்களில் மட்டும் கூப்பிடுவாள், அப்படிப்பட்ட நாட்கள் வரவரக் குறைந்துகொண்டே வந்தன.

புதுப் பறவை என்றால் வானத்திலிருந்து குதித்ததில்லை. முருதிங்கா ஆற்றின் இரண்டு கரைகளிலும் எப்போதும் இருக்கிற எறும்புக்குருவிதான். எறும்பைத் தின்னாது, காட்டுத் தரையில் படை திரண்டு போகும் எறும்புகளுக்குப் பயந்து எகிறி ஓடும் வெட்டுக்கிளிகளையும் பூச்சிகளையும் கொத்தித் தின்னும். மரங்களுக்கு அடியில் இருட்டிலேயே பிறந்து இருட்டிலேயே சாகும். ஒரு கொத்து வெயில் விழுந்த வெட்டவெளியைத் தாண்டவே அதற்குக் கால் வராது, ஆற்றைத் தாண்டுவது பற்றிப் பேச்சே இல்லை. வலக்கரைக் குருவிக்கு வெள்ளைக் கழுத்து. இடக்கரைக் குருவிக்குச் சாம்பல் கழுத்து. வலக்கரைக் குருவி சீழ்க்கை அடித்துக்கொண்டே மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கும். இடக்கரைக் குருவியும் அப்படியே இறங்கும், ஆனால் கடைசியில் கிலுகிலுப்பையை ஆட்டினாற்போல ஒரு கரகரப்பைச் சேர்க்கும்.

இது இரண்டும் ஒரே இனமில்லை, ஆறு குறுக்கே நின்று லட்சக்கணக்கான வருஷம் பிரித்து வைத்ததில் இரண்டு இனமாகிவிட்டன என்று ஒடிலா எழுதினாள். சாம்பல் கழுத்துக்குத் தனிப்பெயர் வேண்டும் என்று கேட்டாள்.

அந்தச் சாம்பல் கழுத்தை ஜுல்மிரா பதினைந்து வருஷத்துக்கு முன்பே தன் உள்ளங்கையில் வைத்திருந்திருக்கிறாள். வலையிலிருந்து எடுத்து, கழுத்தை ஊதிப் பார்த்து, ‘அழுக்குப் பட்ட கழுத்து’ என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டுப் பறக்கவிட்டாள். கைக்கு வந்ததை விட்டுவிட்டவளுக்கு எடுத்துக்கொண்டவள் மீது வரும் ஆத்திரம் இருக்கிறதே, அதற்கு மருந்தே கிடையாது.

ஜுல்மிராவிடமும் ஒரு கொள்கை இருந்தது. காட்டைத் துண்டாடியது ஆறு இல்லை, வறட்சி என்பது அவள் கட்சி. பூமி குளிர்ந்து மழை பொய்த்த யுகங்களில் இந்தப் பெருங்காடே சுருங்கித் தீவு தீவாக நின்றது, ஒவ்வொரு தீவிலும் அடைபட்ட பறவைகள் கொஞ்சம் கொஞ்சமாக வேறுபட்டன, மழை திரும்பியதும் காடு மறுபடி சேர்ந்தது, பறவைகளும் சேர்ந்துகொண்டன. “ஆறு என்ன மதில்சுவரா? இன்னைக்கு இங்க ஓடும், நாளைக்கு வளைவோட கழுத்த அறுத்துக்கிட்டு அங்க ஓடும். நேத்து வலக்கரையில நின்ன காடு, உள்ள இருக்கற குருவியோட சேந்து, விடிஞ்சா இடக்கரை. அப்புறம் எங்கேந்து பிரியறது?” என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்பாள். நியாயமான கேள்விதான். ஆனால் சபைக்கு ஒடிலாவின் ஆறுதான் பிடித்தது. ஒரு கோடு, இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் சாம்பல். குழந்தைக்கும் புரியும். ஜுல்மிராவின் வறட்சியை விளக்க முழுச் சாயங்காலம் தேவைப்பட்டது, அதற்குள் ஆட்கள் பீர் குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

இதுவரைகூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாயிரா சாப்பாட்டு மேஜையில் மரவள்ளி மாவைக் குழம்பில் பிசைந்தபடி, “அம்மா, ஞானத்தாய்கிட்டயே ஆராய்ச்சிக்குச் சேரலாம்னு இருக்கேன். ஆத்தப் பத்தி” என்றாள். ஜுல்மிரா “ரொம்ப சந்தோஷம்” என்று சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள்.

எந்தப் பறவை தனி இனம், எது இல்லை என்று தீர்ப்புச் சொல்ல ஒரு பட்டியல் குழு இருந்தது. அதில் ஜுல்மிரா உண்டு, ஒடிலா இல்லை. உலகத்தில் ஜுல்மிராவுக்கு இருந்து ஒடிலாவுக்கு இல்லாத ஒரே பொருள் அதுதான். ஒடிலாவின் மனு வந்ததும் ஜுல்மிரா எழுதினாள்: ‘கழுத்தின் நிறம் சரி, பாட்டு சரி. பறவையைக் கேட்டீர்களா?’

கேட்பது என்றால் அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. ஆண் குருவியின் இடத்துக்கு நடுவில் ஒலிபெருக்கியை வைத்து, வேறொரு ஆணின் பாட்டைப் போட வேண்டும். தன் இனத்தான் குரல் என்றால், என் மனைவியிருக்கும் இடத்தில் எவனடா பாடுகிறவன் என்று உடம்பைப் புசுபுசுவென்று உப்பிக்கொண்டு அடிக்க வரும். வேற்றினம் என்றால் திரும்பிக்கூடப் பார்க்காது. இடக்கரையில் வலக்கரைப் பாட்டைப் போட்டு, குருவி சண்டைக்கு வந்தால் இரண்டும் ஒரே இனம். ஒடிலாவின் புதுப் பறவை அதோடு காலி.

“கரெக்டான கேள்வி கொமாத்ரே! நானே போய்க் கேட்டுட்டு வந்துடறேன்” என்று ஒடிலா நாற்காலியைச் சுழற்றித் திரும்பிச் சிரித்தாள். கோபப்பட்டிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

வேறு வேலை இருக்கிறது என்று ஒடிலா மூன்று வாரமாக அறைப்பக்கம் வரவில்லை, பயணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று ஜுல்மிராவுக்கு நினைப்பு. மழை ஓய்ந்து ஆறு வடிந்த பிறகு சாவகாசமாகப் போவாள், அதற்குள் நாம் போய்ப் பறவையின் வாயாலேயே பதிலை வாங்கிவிட வேண்டும் என்று முடிவு கட்டினாள். சந்தாரெங் ஊரில் அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று விடுப்புச் சொல்லிவிட்டு, நேர் எதிர்த்திசையில் விமானம் ஏறி, படகு மாறி, முருதிங்காவின் இடக்கரையில் தொர்குவாட்டோ வீட்டில் போய் இறங்கினாள்.

தொர்குவாட்டோ படகோட்டி. வாய் ஓயாது. கால் ஊன்றிய மரவீடு, முன்னால் தண்ணீரில் மிதக்கும் ஒரு மேடை, அதில் படகும் தூண்டிலும் அவனும்.

“என்னா டாக்டரம்மா, இந்த வருசம் எங்க கரைக்கு யோகந்தான் போல. உங்காளுங்க மேல ஒருத்தரு, கீழ ஒருத்தருன்னு…”

“அந்தப் பெட்டிய ஈரத்துல வைக்காதீங்க! பேட்டரி இருக்கு, பேட்டரி!” என்று ஜுல்மிரா கத்தினாள்.

“வைக்கலம்மா, வைக்கல. தலையில வச்சுக்கறேன், போதுமா? எங்கம்மாவக் கூட இப்பிடித் தூக்குனதில்ல” என்று அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் பேச்சைத் தான் பாதியில் வெட்டிவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் காட்டுக்குள் போனாள். குருவி ஒன்றைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. எறும்புப் படைக்கு மேலே, முழங்கால் உயரத்துக் கொடியில் சாம்பல் கழுத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியை வைத்துவிட்டு, பதினைந்து வருஷத்துக்கு முன் வலக்கரையில் தானே பதிவு செய்த பாட்டைப் போட்டாள். பிசிறில்லாத பதிவு, அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

குருவி ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்தது. கிளையில் நாலு அடி அடித்தது. விழுங்கியது. அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்துக்கொண்டது.

மறுபடி போட்டாள். குருவி காலைத் தூக்கிக் கன்னத்தைச் சொறிந்தது.

“டேய், உன் சித்தப்பன்டா அது! உன் எடத்துல வந்து நின்னு பாடறான், கேட்டுக்கிட்டு மேயறியே, வெக்கமா இல்ல?” என்று ஜுல்மிரா அடித்தொண்டையில் கேட்டாள். குருவிக்கு வெட்கமில்லை.

முறை தவறக் கூடாதே என்று இடக்கரைப் பாட்டையும் போட்டுப் பார்த்தாள். கடைசிக் கரகரப்பு முடிவதற்குள் குருவி இரண்டு மடங்கு பெருத்து வந்து ஒலிபெருக்கியின் தலையில் இறங்கியது. அதன் வலையைக் கொத்திய கொத்தில் அவளுக்கே பயமாகிவிட்டது.

அடுத்தடுத்த நாட்களில் வேறு வேறு குருவிகள். எல்லாம் அதே கதை. வலக்கரைப் பாட்டுக்கு வெட்டுக்கிளி, இடக்கரைப் பாட்டுக்குக் குத்துச்சண்டை. இரண்டாவது குருவியிலேயே ஜுல்மிராவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒடிலா சொன்னதுதான் சரி. விளங்கியும் பெட்டியைக் கட்டாமல் இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே என்று போய்க்கொண்டே இருந்தாள். ஏதாவது ஒரு குருவி, ஒரே ஒரு மானமுள்ள குருவி, ஒடிலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்லாமலா போய்விடும்?

சொல்லிற்று. நிலம் தாழ்ந்து பனைமரங்கள் அடர்ந்த ஒரு சேற்றுப் பகுதிக்கு வந்திருந்தாள். வலக்கரைப் பாட்டைப் போட்டுவிட்டுக் கொசுவை அடித்துக்கொண்டிருந்தபோது, பனைகளுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. படிப்படியாக இறங்கும் சீழ்க்கை. கடைசியில் கரகரப்பு இல்லை. சுத்தமான வலக்கரைப் பாட்டு, இடக்கரைக் காட்டில்!

ஜுல்மிரா கொசுவை மறந்தாள். ஒலிவாங்கியை நீட்டிப் பதிவைத் தொடங்கிவிட்டு மறுபடி போட்டாள். மறுபடி பதில். சண்டைக்காரக் குருவிகள் மாற்றி மாற்றிப் பாடுகிற அதே வேகம். ஆறு மதில் இல்லை, வலக்கரைக் குருவி இங்கே வந்து வாழ்கிறது, ஒடிலாவின் கோடு அழிந்தது. அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. குழுவில் எப்படி ஆரம்பிப்பது, எந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவது, ஒடிலாவின் முகத்தை நேராகப் பார்ப்பதா, ஜன்னலைப் பார்ப்பதா என்பது வரைக்கும் மனதில் ஓட்டிவிட்டாள்.

அப்போதுதான் நாய் குரைத்தது. ஒரே ஒரு குரைப்பு, தூரத்தில். காட்டுக்குள் நாய் ஏது, யாராவது வேட்டைக்கு வந்திருப்பார்கள் என்று விட்டுவிட்டாள். அடுத்த பதிலிலும் நாய் குரைத்தது. மூன்றாவது பதிலில் சீழ்க்கை பாதி இறங்கியபோது, அதே இடத்தில், அதே நாய். உலகத்தில் எந்தக் குருவியும் நாயைக் கூட்டிக்கொண்டு வந்து தாளம் போடச் சொல்லிப் பாடுவதில்லை. ஜுல்மிராவின் முகம் செத்துவிட்டது. அது பறவை இல்லை, பதிவு.

பனைகளைச் சுற்றிக்கொண்டு, சேற்றில் பூட்ஸ் சத்தம் கேட்காமல் போய் எட்டிப் பார்த்தாள். விழுந்து கிடந்த மரத்தின்மேல் ஒடிலா உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒலிபெருக்கி. நரைத்த பின்னல் தோளில் கிடந்தது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

ஆறு அந்த இடத்தில் பெரிய வளைவு போட்டுக்கொண்டு ஓடுகிறது. வளைவின் கீழ்முனையில் தொர்குவாட்டோ வீடு, மேல்முனையில் மரம் வெட்டுகிறவர்கள் விட்டுப்போன ஒரு பழைய முகாம். படகில் போனால் பாதி நாள். வளைவின் இரண்டு முனைகளும் நெருங்கி வரும் கழுத்து வழியாகக் காட்டில் நடந்தால் கூப்பிடு தூரம். ஆற்றில் போகிற ஜனங்கள் எல்லாத் தூரத்தையும் படகால்தான் அளப்பார்கள். ஜுல்மிராவும் அப்படியே அளந்தாள், மேல்முனையைப் பற்றி நினைக்கவே இல்லை. அவளுக்கு முன்பே ஒடிலா வந்து அந்த முகாமில் உட்கார்ந்துகொண்டு, ஜுல்மிரா கேட்ட கேள்வியைத்தான் ஜுல்மிராவின் முறைப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. குருவிகள் எல்லாம் வெட்டுக்கிளி தின்றுகொண்டிருக்க, இரண்டு கிழவிகள் ஒருவருக்கொருவர் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ‘அடியே’ என்று கூப்பிட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒடிலா எதற்கு அழுகிறாள்? பதினைந்து வருஷத்துக்கு முந்தைய அந்தப் பிசிறில்லாத பதிவைக் கேட்டு அழுகிறாள். இடக்கரையில் வலக்கரைக் குருவி இருக்கிறது, தன் பறவை செத்தது என்று நினைத்து அழுகிறாள்.

ஜுல்மிரா செய்ததை அழகாகச் சொல்ல வழியில்லை. பனைகளுக்குப் பின்னால் திரும்பி வந்தாள். பெட்டியின்மேல் குனிந்தாள். இலைகளின் இடுக்கு வழியே ஒடிலாவைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் ஒரு தடவை பாட்டைப் போட்டாள். ஒடிலாவின் தலை முழங்காலில் விழுந்தது.

அன்று தொர்குவாட்டோ வீட்டில் அவள் பொரித்த மீனை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். “காட்டுல ஏதோ நல்லது நடந்துருக்கு. எதிராளி வீட்டு ஆடு செத்துப்போன மொகரை இது” என்றான் அவன். “மீனைப் போடுங்க” என்றாள். தூளியில் படுத்ததும் தூங்கிப்போனாள். குற்றம் செய்தவருக்குத் தூக்கம் வராது என்று யார் சொன்னது? வந்தது.

மறுநாள் காலை, நடுராத்திரியிலேயே கிளம்பிவிட்ட ஒடிலாவின் படகு வளைவைச் சுற்றிக்கொண்டு கீழே வந்தது. பெட்டிகள் எல்லாம் கட்டியிருந்தன. மிதக்கும் மேடையில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஜுல்மிராவைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தினாள்.

“சந்தாரெங்ல அத்தைக்கு உடம்பு சரியில்லன்னியே கொமாத்ரே?”

“நல்லாயிட்டாங்க.”

“இங்க இருந்தே நல்லாக்கிட்டியா?”

ஜுல்மிரா வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். ஒடிலா மேடையில் ஏறி அவள் பக்கத்தில் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. தொர்குவாட்டோ இரண்டு கோப்பைக் காபியை வைத்துவிட்டு, “நான் அன்னைக்கே சொன்னேன், மேல ஒருத்தரு கீழ ஒருத்தருன்னு. பேட்டரின்னு எம்மேல பாஞ்சாங்க” என்று முணுமுணுத்துக்கொண்டு போனான்.

“நீயும் சோதிக்கத்தான் வந்திருக்க. எனக்குத் தெரியும்” என்றாள் ஒடிலா. “மறைக்காத. நானும் கேட்டேன், நேத்து, பனங்காட்டுல. சுத்தமான வலக்கரைப் பாட்டு. ஒரு தடவ இல்ல, பல தடவ. நீ சொன்னதுதான் சரி. ஆறு வளைவோட கழுத்த வெட்டும்போது குருவியும் இந்தப் பக்கம் வந்துடுது.”

ஜுல்மிரா காபியைக் குடித்தாள். சூடு தெரியவில்லை.

“மனுவ வாபஸ் வாங்கப் போறேன். மனாவுஸ் மாநாட்டுல மேடையேறிச் சொல்லிடறேன். நான் தப்பு, இந்தக் கேள்வியக் கேட்ட ஜுல்மிரா சரி, அவ கேக்கலேன்னா இல்லாத பறவைக்குப் பேர் வச்சிருப்பேன்னு. மாயிராகிட்டயும் சொல்றேன். அறிவியல்னா இதுதாம்மா, தோத்தா தோத்தேன்னு சொல்லணும்னு.”

பதினைந்து வருஷமாகக் காதில் விழாதா என்று ஏங்கிய சொற்கள். ஜுல்மிரா சரி. மேடையில், ஒடிலாவின் வாயாலேயே. ஜுல்மிரா கண்ணை மூடி அதை அனுபவிக்கப் பார்த்தாள். மூடிய கண்ணுக்குள் மாநாட்டு மண்டபம் வந்தது. ஒடிலா ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்கிறாள், நரைத்த பின்னல் தோளில். குரல் இலேசாக உடைகிறது. மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டுகிறது. எவ்வளவு பெரிய மனசு பாருங்கள் என்கிறார்கள். முதல் வரிசையில் மாயிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோரையும்விட நீளமாகக் கைதட்டுகிறாள். ஜுல்மிரா? ஜுல்மிரா எங்கோ நடுவரிசையில் சரியாக இருந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஜெயித்தாலும் அவள்தான், தோற்றாலும் அவள்தான். இதை ஜுல்மிராவால் தாங்க முடியவில்லை.

“அது நான்தான்” என்றாள்.

“எது?”

“நீ கேட்ட குருவி. நான்தான்டி அது. பனைக்கு அந்தப் பக்கம் நான் போட்டேன், இந்தப் பக்கம் நீ போட்ட. உன் பதிவுல நாய் குரைக்குது. எனக்கு அதுலதான் தெரிஞ்சுது.”

ஒடிலா தன் கோப்பையைக் கையில் எடுத்தாள். மேடைக்கு அடியில் தண்ணீர் மோதிக்கொண்டிருந்தது.

“கடைசித் தடவை?” என்று மெதுவாகக் கேட்டாள். “கொஞ்ச நேரம் விட்டு, கடைசியா ஒரு தடவ வந்துதே. அதுவும் தெரியாமத்தானா?”

“அது உன்னப் பாத்துக்கிட்டே போட்டேன்.”

ஒடிலா கையிலிருந்த கோப்பையைக் காபியோடு ஆற்றில் வீசினாள். உள்ளேயிருந்து தொர்குவாட்டோ, “அது எங்கம்மா குடுத்த கோப்பை!” என்று கத்தினான்.

“ராத்திரி முழுக்க அழுதேன்டி.”

“தெரியும்.”

“தெரியுமாம்ல! சொல்லாம இருந்திருந்தா உன் கட்சி ஜெயிச்சிருக்குமே. எதுக்குச் சொன்ன? திடீர்னு மனசாட்சி வந்துடுச்சா?”

“மனசாட்சியும் இல்ல, மண்ணும் இல்ல. நீ மேடையேறி அழுவ. எல்லாரும் எந்திரிச்சு நின்னு கைதட்டுவாங்க. என் பொண்ணு உன்னக் கட்டிப்பிடிச்சுக்குவா. அத என்னால பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியாது.”

ஒடிலா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அடிக்கப் போகிறாள் என்று ஜுல்மிரா நினைத்தாள், அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தாள். ஒடிலா அடிக்கவில்லை. ஆராய்ச்சிக்காரி மூளை அதற்குள் வேறெங்கோ போய்விட்டது.

“இருடி. நீ வலக்கரைப் பாட்டப் போட்டப்போ உண்மையான குருவிங்க என்ன பண்ணுச்சு?”

ஜுல்மிரா ஆற்றைப் பார்த்தாள். “வெட்டுக்கிளி தின்னுச்சு.”

“எல்லாமேயா?”

“ஒண்ணு சொறிஞ்சுக்கிச்சு.”

“இடக்கரைப் பாட்டுக்கு?”

“என் ஒலிபெருக்கி வலையே கிழிஞ்சு போச்சு.”

“பதிவு இருக்கா?”

“எல்லாம் இருக்கு. நான் என்ன உன்ன மாதிரி நாயோட சேத்தா பதிவு பண்ணுவேன்?”

ஒடிலா சிரிக்க ஆரம்பித்தாள். வீங்கிய கண்ணிலிருந்து மறுபடி தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். “என் பறவைக்கு இதவிடச் சாட்சி எங்கடி கெடைக்கும்? அது பொய்யின்னு நிரூபிக்க அத்தைய சாகடிச்சுட்டு வந்தவளே சொல்றா, அது நெஜம்னு!”

“அத்தைய சாகடிக்கல. உடம்பு சரியில்லன்னுதான் சொன்னேன்.”

“சேந்து எழுதுவோம் கொமாத்ரே. ரெண்டு பேர் பேரும் போட்டு. உன் வறட்சியும் அதுல வரட்டும். மழை இல்லாத காலத்துல காடு சுருங்கி ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒரு திட்டு, அந்தப் பக்கம் ஒரு திட்டுன்னு நின்னுச்சு. குருவிங்க வேறயாச்சு. மழை திரும்பி காடு வளந்து கரைக்கு வந்தப்போ நடுவுல ஆறு. பிரிச்சது உன் வறட்சி, சேர விடாம வச்சது என் ஆறு. ஆறு வளைவ வெட்டறதால இந்தப் பக்கம் வந்து விழற ஒண்ணு ரெண்டு குருவிய, அதுக்குள்ள வேறயாயிட்ட இந்தக் கரைக் குருவிங்க சீந்தறதில்ல. சரியா வருதா?”

சரியாக வந்தது. எல்லா முடிச்சும் அவிழ்ந்தது. முழுச் சாயங்காலம் பிடித்த விஷயத்தை ஒரு கோப்பைக் காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டாள். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை, என் வறட்சியை வைத்து நான் கட்டியிருக்க வேண்டிய வீடல்லவா இது என்று ஜுல்மிரா மனதுக்குள் குமைந்தாள். ஆனாலும் அந்தக் கட்டுரை அவளுக்கு வேண்டும். சாம்பல் கழுத்துக்குப் பெயர் வைப்பவர்களில் ஒருத்தியாகத் தன் பெயர் நிற்க வேண்டும் என்ற ஆசை, கூச்சநாச்சமில்லாமல் எழுந்து நின்றது.

“யார் பேர் மொதல்ல?” என்று கேட்டாள்.

கேட்ட பிறகு அவளுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. ஒடிலா சண்டை போடுவாள், நேற்று அழவைத்ததைச் சொல்லிக் காட்டுவாள், இது என் பறவைடி என்று கத்துவாள் என்று எதிர்பார்த்து, பதில் சொல்லத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் குருவியைத் தான் எந்த வருஷம் முதலில் கையில் பிடித்தாள், எந்த வலையில் என்பது வரைக்கும் நாக்கு நுனியில் வைத்திருந்தாள்.

ஒடிலா எழுந்து தன் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். “உன் பேரே இருக்கட்டும்” என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். “பொட்டியெல்லாம் எடுத்துட்டு வா, வெயிலுக்கு முன்னாடி கெளம்பலாம்.”

ஜுல்மிரா பெட்டிகளை எடுத்துக்கொண்டு படகில் ஏறினாள். இதைக்கூட இவ்வளவு சுலபமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டாளே என்று போகிற வழியெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது.